வளைந்த சோப்ரானோ சாக்ஸபோனுக்கு ஸ்டாண்ட் பொருந்தவில்லையா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் முறை

வளைந்த சோப்ரானோ சாக்ஸபோன் பார்வைக்கு அதைவிடப் பெரிய ஆல்டோ சாக்ஸபோனின் குட்டியாகவே தெரிவதால், வீட்டில் இருக்கும் ஆல்டோ ஸ்டாண்டே அதற்கும் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கடையில் சோப்ரானோ ஸ்டாண்ட் என்று கேட்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் சிக்கல்தான். ஆல்டோ ஸ்டாண்ட் இதற்குப் பெரிது; சோப்ரானோ ஸ்டாண்ட் என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவதோ நேர்க்குழல் சோப்ரானோவுக்கு உரியது. பழுதுபார்க்க வரும் வளைந்த சோப்ரானோக்களில், பொருந்தாத ஸ்டாண்டினால் விளைந்த கோளாறுகளே திரும்பத் திரும்ப வருவதால், அவற்றை அறிகுறிவாரியாக எழுதிவைக்கிறேன். 1920-களில் புஷர், கான் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் செய்த பழைய கருவிகளுக்கும், இன்றைய ஜப்பானிய யானகிசாவா கருவிகளுக்கும் இவை பொதுவாகப் பொருந்தும்.

கீழே பெல் என்பது விரிந்த வாய்ப்பகுதி. நெக் என்பது வாயில் வைக்கும் மவுத்பீஸ் பொருந்தும் மேல்முனைக் குழல். கீ என்பது குழலின் துளையை மூடித் திறக்கும் நெம்பு; பேட் என்பது அதன் அடியில் துளையை மூடும் தோல் மெத்தை. அடிவளைவு என்பது கீழிறங்கும் குழல் மேல்நோக்கித் திரும்பும் இடம். ஸ்டாண்டில் பெல்லின் விரிவுக்குக் கீழே இரு புறமும் தாங்கும் கைகளைக் கவை என்றும், அடிவளைவுக்கு முட்டுக்கொடுக்கும் சிறு கையை அடித்தாங்கி என்றும் குறிப்பிடுகிறேன்.

## முதலில் மூன்று அளவுகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், இந்த மூன்று அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

பெல் விளிம்பின் குறுக்களவு முதல் அளவு. வளைந்த சோப்ரானோவில் இது ஏறத்தாழ 9 முதல் 10 செ.மீ. வரை இருக்கும்; ஆல்டோவில் 12 செ.மீ.க்கு மேல். அடுத்து, விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே, கவை வந்து தாங்க வேண்டிய இடத்தில், பெல்லைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அதன் நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் அந்த இடத்தின் குறுக்களவு கிடைக்கும். நூல் கீகளின் மேல் ஏறாமல் குழலை ஒட்டியே சுற்ற வேண்டும். அது முடியாதபடி ஒரு கீயோ கீயைக் காக்கும் கம்பிக்கூடோ குறுக்கே வந்தால், கவையும் அந்த இடத்தில் உட்கார முடியாது என்று பொருள். கடைசியாக, நூல் கட்டிய இடத்திலிருந்து அடிவளைவின் அடிப்பக்கம் வரை உள்ள தூரத்தை நேர்க்கோட்டில் எடுங்கள்.

கவையின் உள்ளகலம், ரப்பர் உறையையும் சேர்த்து, முதல் அளவைவிடக் குறைவாகவும் இரண்டாம் அளவைவிடச் சற்றே அதிகமாகவும் இருக்க வேண்டும். கவைக்கும் அடித்தாங்கிக்கும் இடையே உள்ள தூரத்தை மூன்றாம் அளவு வரை குறைக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் பொருந்தாத ஸ்டாண்டை எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பயன் இல்லை.

## அறிகுறி 1: கருவி ஸ்டாண்டில் ஏறவே மறுக்கிறது

### ஸ்டாண்டில் மேல்நோக்கிய ஒற்றை முளை மட்டும் இருக்கிறது

இது நேர்க்குழல் சோப்ரானோவுக்கு உரியது. அதன் பெல் கீழ்நோக்கி இருப்பதால் முளையின் மேல் கவிழ்த்து நிறுத்தலாம். வளைந்த சோப்ரானோவின் பெல்லோ மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் நெக்கும் மவுத்பீஸும் பெல் விளிம்பைவிடக் கீழே தொங்கி, ஸ்டாண்டின் கால்களிலோ தரையிலோ இடிக்கும். டிரம்பெட், ஃப்ளூகல்ஹார்ன் ஸ்டாண்டுகளின் கதையும் இதுதான். முளையைத் தேய்த்தோ துணி சுற்றியோ இதைச் சரிசெய்ய முடியாது என்பதால், கடையில் மாற்றித் தருவார்களா என்று உடனே கேட்டுவிடுவது நல்லது.

கிங் நிறுவனத்தின் சாக்ஸெல்லோவைப் போல, குழல் நேராக இருந்து பெல் மட்டும் முன்பக்கம் சாய்ந்த கருவி உங்களிடம் இருந்தால், அது நேர்க்குழலும் அல்ல, வளைகுழலும் அல்ல. அதற்கு இந்தக் குறிப்பின் அளவுகள் பொருந்தா.

### மடித்துப் பெல்லுக்குள் வைக்கும் வகை ஸ்டாண்ட்

ஆல்டோவின் பெல்லுக்குள் அடங்கும்படி செய்யப்பட்ட மடிப்பு ஸ்டாண்டுகளை வளைந்த சோப்ரானோவின் பெல்லுக்குள் திணிக்க வேண்டாம். கடைசி இரண்டு சுரங்களான பி, பி ஃபிளாட் ஆகியவற்றின் துளைகள் பெல்லின் சுவரிலேயே இருக்கின்றன. உள்ளே திணிக்கப்பட்ட உலோகக் கால் அந்தத் துளைகளின் வழியாகப் பேடின் தோலைக் கீறிவிடும். ஏற்கெனவே திணித்திருந்தால், கைவிளக்கை உள்ளே அடித்துப் பேடின் முகத்தைப் பாருங்கள். வட்டத் தடத்தின் குறுக்கே வெட்டுக் கோடு தெரிந்தால் பேடை மாற்ற வேண்டும், அது பழுதுபார்ப்பவரின் வேலை.

## அறிகுறி 2: ஏறுகிறது, ஆனால் பெல் கவையில் நிற்காமல் நழுவுகிறது

அதிகம் பேர் கொண்டுவரும் புகார் இது. ஆல்டோ ஸ்டாண்டில் வைத்ததும் பெல் கவைக்குள் இறங்கிக்கொண்டே போய், ஒரு கீயின் காப்புக்கூடு கவையில் மாட்டிய பிறகு நிற்கும். பார்ப்பவருக்குப் பொருந்தி நிற்பதாகவே தோன்றும். உண்மையில் 1.2 முதல் 1.5 கிலோ வரை வரும் கருவியின் எடை முழுவதும் இரண்டு சிறு பற்றவைப்புப் புள்ளிகளின் மேல் நிற்கிறது. கவையின் கைக்கும் பெல்லின் சுவருக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் எளிதாக நுழைந்தால், எடையை ஏற்றிருப்பது பெல் அல்ல.

### அடித்தாங்கி தொடவே இல்லை

முதலில் இதைப் பாருங்கள். செலவே இல்லாத காரணம் இது. ஆல்டோவுக்காக நீட்டிவைத்த அடித்தாங்கி அப்படியே இருந்தால் அடிவளைவுக்குக் கீழே வெறுமனே நிற்கும். திருகைத் தளர்த்தி முடிந்தவரை மேலே கொண்டுவந்து, அடிவளைவைக் காக்கும் தகட்டின் நடுவில் தொடும்படி வைத்துத் திருகை இறுக்குங்கள். கடைசி எல்லை வரை ஏற்றியும் எட்டவில்லை என்றால் அந்த ஸ்டாண்டை ஆல்டோவுக்கே விட்டுவிடலாம். ஆல்டோ, டெனர் இரண்டுக்கும் பொதுவானது என்று விற்கும் ஸ்டாண்டுகளில் இந்த நிலை அடிக்கடி வரும்.

### ரப்பர் உறை தேய்ந்தோ கழன்றோ இருக்கிறது

கவையின் நுனியில் உலோகம் எட்டிப்பார்த்தால் உறையை மாற்றுங்கள். இது தனியாகவே கிடைக்கும்.

### கவை அகலம், ஆனால் சற்றே அகலம்

உள்ளகலம் பெல் விளிம்பைவிட அதிகமாக இல்லாமல், நூலளவைவிட மட்டும் சில செ.மீ. அதிகமாக இருக்கும்போது உறையைத் தடிப்பாக்கிச் சமாளிக்கலாம். ஏ.சி. பொருத்துபவர்கள் செம்புக் குழாயின் மேல் போடும் நுரைக் குழாயை 7 அல்லது 8 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் பிளந்து, இரண்டு கைகளின் மேலும் மாட்டி, அதன் மேல் பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்துவிடுங்கள். ஒட்டுநாடாவால் ஒட்டினால் வெயில் காலத்தில் பசை இளகிக் கருவியில் ஏறும். துணி வெறும் அழகுக்காக அல்ல. அதன் காரணம் 6-ஆம் அறிகுறியில் இருக்கிறது.

சோதனை எளிது. படுக்கையின் மெத்தையின் மேல் ஸ்டாண்டை வைத்து, கருவியை ஏற்றி, பெல் விளிம்பை ஒரு விரலால் இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். கருவி கொஞ்சம் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தால் பிடிப்பு சரி. திரும்பிய இடத்திலேயே நின்றால், அல்லது உலோகம் உரசும் ஓசை கேட்டால், உறை போதவில்லை.

### கவையின் உள்ளகலம் பெல் விளிம்பைவிடவே அதிகம்

நுரையை அடுக்கிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நுரை அமுங்க அமுங்கப் பிடிப்பு நாளுக்கு நாள் மாறும். அது கைவிடுவது கச்சேரி நடுவில்தான் தெரியவரும். இந்த நிலையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வது: 18 மி.மீ. பிளைவுட்டில் 35 செ.மீ. சதுர அடிப்பலகை, அதில் அடிவளைவு அமர ஆழமில்லாத ஒரு குழி, நூலளவுக்கு ஏற்ற கவை வெட்டிய ஒரு நிற்பலகை, எல்லாவற்றின் மேலும் பருத்தித் துணி. தச்சரிடம் கருவியையே கொண்டுபோகாமல், அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொடுங்கள். அடிப்பலகையில் பெல் இருக்கும் பக்கத்தை நீளமாக விட்டு நிற்பலகையைப் பின்தள்ளி அமைத்தால் கருவி முன்பக்கம் கவிழாது. கனமாக இருக்கும், பயணத்துக்கு ஆகாது, ஆனால் வீட்டுப் பயிற்சிக்கு இதைவிட உறுதியான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மற்றொன்று, வளைந்த சோப்ரானோவுக்கென்றே செய்யப்பட்ட ஸ்டாண்டை வரவழைப்பது. இங்குள்ள கடைகளில் பெரும்பாலும் இருப்பில் இருக்காது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது ஸ்டாண்டின் விலைக்கு நிகராக அனுப்பும் செலவும் வரியும் சேரக்கூடும். பணம் கட்டும் முன், விற்பவரிடம் உங்கள் மூன்று அளவுகளையும் அனுப்பிக் கவையின் உள்ளகலத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாச் சோப்ரானோவுக்கும் பொருந்தும் என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

## அறிகுறி 3: பிடிப்பு சரி, ஆனால் ஸ்டாண்டோடு சேர்ந்து சாய்கிறது

கால்கள் முழுவதும் விரியவில்லை என்பதே முதல் காரணம். நடுத் தண்டின் வளையத்தைக் கடைசி வரை கீழே தள்ளிப் பாருங்கள். அடுத்த காரணம், கால்கள் நிற்கும் திசை. மூன்று கால் ஸ்டாண்ட் எப்போதும் இரண்டு கால்களுக்கு நடுவில் உள்ள பக்கத்திலேயே எளிதாகச் சாயும். கருவியின் எடை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்துக்கு நேராக ஒரு கால் வரும்படி மேல்பகுதியைத் திருப்பி இறுக்கினாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

அதன் பிறகும் சாய்ந்தால் தரையைப் பாருங்கள். கல்யாண மேடைகளில் பலகையின் மேல் கம்பளம் விரித்திருப்பார்கள். பலகை இணையும் இடத்தில் ஒரு கால் பள்ளத்தில் இறங்கி நிற்கும், யாராவது நடந்தால் மேடையே அதிரும். கம்பளத்துக்குக் கீழே கையால் தடவி ஒரே பலகையின் மேல் மூன்று கால்களும் வருமாறு வையுங்கள். ஆளுயர மின்விசிறிக்கு எதிரே வைக்க வேண்டாம். மைக் கம்பி ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவே போகக் கூடாது.

கத்ரி கோபால்நாத் ஆல்டோவுடன் அமர்ந்ததுபோல மேடையில் சம்மணமிட்டு வாசிப்பவர்களுக்கு உயரமான ஸ்டாண்ட் தேவையே இல்லை. குட்டையான, கால் அகன்ற ஸ்டாண்டே கைக்கு எட்டும். அவர்கள் கவனிக்க வேண்டியது, எழும்போது வேட்டியோ புடவை முந்தானையோ பெல்லில் மாட்டாத தூரம்.

## அறிகுறி 4: ஸ்டாண்டில் வைத்து எடுத்த பிறகு கீழ்ச் சுரங்கள் பேச மறுக்கின்றன

சாக்ஸபோனுக்கான இசைத்தாளில் எழுதப்படும் சுரப் பெயர்களையே இங்கே சொல்கிறேன். முதலில் ஈ, பிறகு டி, சி, பி, பி ஃபிளாட் என்று மெதுவாகவும் மென்மையாகவும் கீழிறங்கி வாசியுங்கள். எந்தச் சுரத்தில் தடுமாற்றம் தொடங்குகிறது என்பதே விடையைச் சொல்லிவிடும்.

### ஈ சுரமே சரியில்லை

கசிவு அதற்கு மேலே இருக்கிறது. ஸ்டாண்ட் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ரீட், மவுத்பீஸ், மேல்பகுதிப் பேடுகள் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

### ஈ நன்றாக இருக்கிறது, டியிலிருந்து தடுமாறுகிறது

ஈ ஃபிளாட் கீயைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மூடியே இருக்க வேண்டிய கீ இது. அடிவளைவுக்கு அருகில் இருப்பதால் தவறாக வைத்த அடித்தாங்கி இதன் கையைத் தள்ளிவிடும். பேட் ஒரு தலைமுடி அளவு தூக்கினாலும் டியும் அதற்குக் கீழே உள்ள எல்லாச் சுரங்களும் தளரும்.

### டி நன்றாக இருக்கிறது, சியிலிருந்து தடுமாறுகிறது

சி கீயும் சி ஷார்ப் கீயும் சந்தேகத்துக்கு உரியவை. சி ஷார்ப் கீயில் பேட் இருக்கும் மூடியை இன்னொருவர் விரலால் துளையின் மேல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்ள, நீங்கள் சியை வாசியுங்கள். சுரம் உடனே தெளிந்தால் குற்றம் சி ஷார்ப் பேடில் இருக்கிறது. தெளியாவிட்டால் சி பேடையே அழுத்திப் பாருங்கள்.

### பி அல்லது பி ஃபிளாட் மட்டும்

பெல்லின் பக்கவாட்டில் உள்ள கீகள் இவை. இன்றைய கருவிகளில் பெரும்பாலும் வாசிப்பவரின் வலப்புறம் இருக்கும். பழைய அமெரிக்கக் கருவிகளில் இடப்புறமோ இரு புறமுமோ இருக்கக்கூடும். கவையின் கை இவற்றின் காப்புக்கூட்டைத் தொடுகிறதா என்று கருவியை ஸ்டாண்டில் வைத்தபடியே கீழிருந்து பாருங்கள்.

### தாள் சோதனை

சந்தேகம் எந்தப் பேடின் மேல் விழுந்ததோ, அதற்கும் துளைக்கும் நடுவே சிகரெட் தாளை விரல் அகலத்துக்கு வெட்டிச் செருகி, கீயை வழக்கமான அழுத்தத்தில் மூடித் தாளை இழுங்கள். நான்கு பக்கமும் இதைச் செய்து, நான்கிலும் ஒரே அளவு பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தாள் வழுக்கி வந்தால் அந்தப் பக்கம் பேட் உட்காரவில்லை.

எல்லாப் பக்கமும் சமமாகப் பிடித்து, சுரமும் பத்து நிமிடம் வாசித்த பிறகு தானே சரியானால், கோளாறு தற்காலிகமானது. திறந்திருக்க வேண்டிய சி கீயை ஸ்டாண்ட் மூடியே வைத்திருந்ததால் ஈரமான பேட் துளையில் ஒட்டியிருக்கும். உறிஞ்சும் தாளைச் செருகி ஈரத்தை எடுத்துவிட்டு, அடித்தாங்கியை நகர்த்துங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இந்த ஒட்டல் அடிக்கடி வரும்.

### நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்

தாள் ஒரு பக்கம் வழுக்கினால் கீயின் கையோ காப்புக்கூடோ வளைந்திருக்கக்கூடும். அதை இடுக்கியால் நிமிர்த்த முயல வேண்டாம். பித்தளை ஒரு முறை வளையும், மறு முறை வளைக்கும்போது பற்றவைப்பு விட்டுப்போகும். ஆல்டோவைவிடக் கீகள் சிறியவை என்பதால் தவறுக்கு இடமும் குறைவு. கருவி கீழே விழுந்திருந்தால், சுரங்கள் சரியாக இருந்தாலும், பெல்லையும் குழலையும் இணைக்கும் வளையத்தின் பற்றவைப்பில் மெல்லிய கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வாசிப்பதை நிறுத்திவிட்டு அன்றே கொண்டுபோங்கள். அந்த வளையம் விட்டால் பெல் நகரும், பெல்லில் உள்ள எல்லாப் பேடுகளும் ஒரே நேரத்தில் கசியத் தொடங்கும்.

## அறிகுறி 5: கீழ்ச் சுரத்தை வாசித்தால் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது

கிட்டார் ஸ்டாண்டில் நெக்கை மாட்டித் தொங்கவிடுபவர்களின் கருவியில் வரும் கோளாறு இது. நெக்கின் மேலுள்ள, மேல் ஸ்தாயிக்காகத் திறக்கும் சிறு ஆக்டேவ் பேட் கட்டைவிரலை எடுத்த பிறகும் முழுவதும் மூடவில்லை. அந்தப் பேடை விரலால் அழுத்தியபடி வாசித்துப் பாருங்கள். தாவல் நின்றால் காரணம் உறுதி. நெக் கழற்றக்கூடிய கருவியாக இருந்தால், நெக்கைத் திருப்பிப் பொருத்தியதால் ஆக்டேவ் கீயின் வளையம் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். நெக் கழலாத பழைய கருவி என்றால் நேரே நிபுணரிடம் போங்கள். எந்த ஸ்டாண்டும் நெக்கைத் தொடக் கூடாது.

## அறிகுறி 6: ஸ்டாண்ட் தொட்ட இடத்தில் கறை

### வெள்ளிப் பூச்சில் கறுப்பு

1920-களின் கருவிகளில் பல வெள்ளிப் பூச்சு உடையவை. பெல் விரிவுக்குக் கீழே, இரு புறமும், கவையின் கையளவுக்குப் பிறைபோன்ற கறுப்புத் தடம் விழும். ஓரம் நீலமும் பழுப்புமாக மங்கும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் வருவது இது. அழுக்கு அல்ல என்பதால் ஈரத்துணிக்குப் போகாது. வெள்ளி துடைக்கும் துணியால் மெல்லத் தேயுங்கள். முக்கி எடுக்கும் திரவத்தையும் பசையையும் பேடுகளின் அருகில் கொண்டுபோக வேண்டாம். பிறகு ரப்பரைப் பருத்தித் துணியால் மூடுங்கள். கம்பளித் துணியும் கம்பளி ஃபெல்ட்டும் வேண்டாம். கம்பளியிலும் கந்தகம் உண்டு.

### லாக்கரில் ஒட்டும் பளபளப்பு மங்கலும்

சில பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசியும் மென்மையூட்டி, பித்தளையின் மேல் பூசப்பட்ட பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை இளக்கும். விரல் வைத்தால் பிசுபிசுப்பு தெரியும். துடைக்காமல், கருவியை எடுத்துவிட்டு இரண்டு நாள் காற்றில் விடுங்கள். இளகிய லாக்கரைத் தேய்த்தால் பூச்சோடு வரும். லாக்கர் உரிந்து பித்தளை தெரிந்தாலும் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. அதற்காக மறுபடி லாக்கர் பூசச் சொல்பவரிடம் பழைய கருவியைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பூசும் முன் மெருகேற்றும்போது உலோகமும் பொறிப்பும் தேயும்.

## அறிகுறி 7: ஸ்டாண்ட் மெல்ல மெல்லக் கீழிறங்குகிறது

இறுக்கும் திருகின் வாஷர் தேய்ந்திருக்கும். இரும்புக் கடையில் அதே அளவு நைலான் வாஷர் கிடைக்கும். மாற்றியும் இறங்கினால் திருகின் மரை போய்விட்டது. அதற்கு மேல் செலவழிக்காமல் ஸ்டாண்டை மாற்றுங்கள்.

## அறிகுறி 8: ஆல்டோவும் வளைந்த சோப்ரானோவும் ஒரே ஸ்டாண்டில் அடங்கவில்லை

இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றி வாசிப்பவர்கள், ஆல்டோ ஸ்டாண்டின் அடிச்சட்டத்தில் பக்கத் துளை இருப்பதைப் பார்த்து அதில் சோப்ரானோவை நிறுத்த முயல்கிறார்கள். அந்தத் துளை முளை செருகுவதற்கு. நேர்க்குழல் சோப்ரானோ, புல்லாங்குழல், கிளாரினெட் ஆகியவற்றுக்கே அது பயன்படும். வளைந்த சோப்ரானோவுக்கு அதில் கவையைப் பற்றவைத்துத் தருவதாக வெல்டிங் கடைக்காரர் சொல்லக்கூடும். எடை ஒரு பக்கமாகக் கூடி, ஆல்டோவை எடுத்த உடனே சோப்ரானோவோடு முழு ஸ்டாண்டும் கவிழும் என்பதால் அது வேண்டாம். தனி ஸ்டாண்டை ஆல்டோவுக்கு இடப்புறம் ஒரு முழம் தள்ளி வைத்து, சோப்ரானோவின் பெல் உங்களைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்குமாறு திருப்பிவிடுங்கள். அப்போது ஆல்டோவைக் கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டபடி குனிந்தாலும் இரண்டு கருவிகளும் ஒன்றோடொன்று இடிக்காது.